நான் திரும்பிப் பார்த்த கோல்

மடவளை
புதன்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்

அன்பு மச்சான் பாயிஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் தங்கை றமீலாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். இங்கே மழை வேண்டிய அளவு பெய்கிறது. அதற்குப் பிறகும் பெய்கிறது. டோஹாவின் வெயில் உன்னையும் மச்சியையும் பிள்ளைகளையும் அளவோடு காய்ச்ச வேண்டுமென்று பிரார்த்திக்கிறோம்.

கடந்த சனிக்கிழமை, மஃரிபுக்குச் சற்று முன்னர், குசினிக்குப் பின்னாலுள்ள படியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது நான் ஒரு முடிவெடுத்தேன். நாடுகளின் தலைவர்கள் இத்தகைய முடிவுகளுக்கு முன் ஆலோசகர்களை அழைப்பார்கள். என் பக்கத்தில் ஒரு வாளியும் ஒரு பிளாஸ்டிக் கோப்பையும் மட்டுமே இருந்தன. ஆகவே பொறுப்பு முழுவதும் என்னுடையது. முடிவு இதுதான்: மறுநாள் கடுகண்ணாவையில் நடக்கவிருக்கும் உதைபந்தாட்டத்தில், ஒரேயொரு தடவை, நான் திரும்பிப் பார்ப்பேன்.

இதை வாசித்ததும் நீ கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாய் என்று நினைக்கிறேன். உட்காரத்தான் வேண்டும். ஏனென்றால் இதைத் தொடக்கி வைத்தவன் நீ. நம் இருவருக்கும் மீசை சரியாக முளைக்காத காலத்தில், மடவளை மைதானத்தில், நம் யுனைட்டட் பிரதர்ஸ் கழகம் தோற்றுக்கொண்டிருந்த ஒரு பின்நேரத்தில், மைதானத்தோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்த செருப்பை எடுக்க நான் குனிந்தேன். நாம் கோல் அடித்தோம். நிமிர்ந்தேன், அவர்கள் அடித்தார்கள். நீ என் இரண்டு தோளையும் பிடித்து என்னை மறுபக்கம் திருப்பி நிறுத்தினாய். நாம் இன்னுமொன்று அடித்து வென்றோம். அன்றிரவு நீ ஊர் முழுக்க அதைச் சொல்லி முடித்தாய். சில காலத்தில் விமானமேறிக் கட்டாருக்குப் போனாய். உன் கை தோளில் இருந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் ஒரு பாரம் இருக்கிறது. நான் திரும்பவேயில்லை.

நீ விதையைப் போட்டுவிட்டுப் போனவன், மரத்தைப் பார்க்கவில்லை. நான் ஓய்வுபெற்றதும் பிள்ளைகளும் சக ஆசிரியர்களும் கொடுத்த பிரியாவிடையில், வரலாறு படிப்பித்ததற்காக ஒரு மணிக்கூடு தந்தார்கள். கழகத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்திலோ, பயிற்சியாளருக்கு அடுத்தபடியாக என் பெயரைச் சொல்லி ஒவ்வொரு வருடமும் நன்றி கூறுகிறார்கள். ஆட்டம் தொடங்கியதும் நான் கிழக்குப் பக்கக் கோட்டருகே மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்பேன். பக்கத்தில் ராஜலிங்கம் மைதானத்தைப் பார்த்து நின்று, நடப்பதையெல்லாம் என் காதில் சொல்வார். ராஜலிங்கத்தை உனக்குத் தெரியாது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இங்கே பாடசாலை வேன் ஓட்டுகிறவர். நம் கழகத்தின் மீது அவர் வைத்திருக்கும் பற்றைப் பார்த்தால் அவரையும் யாரோ தோளைப் பிடித்துத் திருப்பியிருக்க வேண்டும் என்று தோன்றும். அவர் சொல்லும் ஆட்டம் ஓர் அழகான ஆட்டம். "பந்து அவன் கால்ல ஒட்டிக்கிட்டு வருது நானா, கன்னுக்குட்டி மாதிரி" என்பார். "இப்ப ஒருத்தன தாண்டுறான், இப்ப இன்னொருத்தன், அவன் எந்திரிச்சுப் பாக்குறதுக்குள்ள நம்ம ஆளு அந்தப் பக்கம் போயிட்டான்" என்பார். பிறகு மூச்சை இழுத்து, "அடிச்சான்" என்பார். சத்தம் கிளம்பினால் கோல். கிளம்பாவிட்டால் சற்றுப் பொறுத்து, "கம்பத்துல பட்டிருச்சு நானா" என்பார். நம்மைப் போல் கம்பத்தில் அடித்த கழகம் கண்டி மாவட்டத்தில் இல்லை.

இதனால் வந்த சிக்கல்கள் பல. முதலாவது மர்சூக்குடையது. கிழக்குப் பக்கத்தில் அந்தக் காலம் ஒரு செவ்வரத்தை வேலியும் அதற்கு அப்பால் மர்சூக்கின் வீட்டு முற்றமும் இருந்தன. ஒரு நாள் அவர் கழகத் தலைவர் அரூஸிடம் வந்து, "தாஸிம் நானா ஞாயித்துக்கிழமெல எங்கட ஊட்டப் பாத்துக்கொண்டே நிக்கிறார். பொம்புளயாளுகள் உடுப்புக் காயப்போட ஏலாம ஈக்கி" என்று முறைப்பட்டார். அரூஸ், "அவர் ஒங்கட ஊட்டப் பாக்கல்ல. அவர் மெச்சப் பாக்காம நிக்கிறார்" என்று விளக்கினார். "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று மர்சூக் கேட்டார். அரூஸ் அந்தக் கேள்வியை நிர்வாக சபைக்கு எடுத்துச் சென்றார். கடைசியில் கழகத்துப் பையன்கள் கல் சுமக்க, மர்சூக் ஒரு மதில் கட்டினார். அதற்குப் பிறகு நான் பார்ப்பது மதிலை.

மச்சான், அந்த மதிலைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. ஆட்டத்தின் பிற்பாதியில் வெயில் மேற்கே சாயும்போது, எங்கள் பக்கக் கோட்டோரம் ஓடுகிறவர்களின் நிழல் என்னையும் தாண்டிப் போய் மதிலில் விழும். நீண்ட கால்கள், சின்னத் தலைகள். ஓசையில்லாமல் ஓடுவார்கள். சில வேளை பந்தின் நிழலும் வந்து, மதிலின் ஒரு மூலையில் எழும்பி, மறு மூலையில் கரையும். ராஜலிங்கத்தின் குரல் காதில், நிழல் கண்ணில், நடுவில் நான் என் விருப்பத்துக்கு ஒரு கழகத்தை வைத்துக்கொண்டேன். அதில் ஒருவருக்கும் வயிறு தள்ளியிருக்கவில்லை. ஒருவரும் பந்தை விட்டுவிட்டு நடுவரோடு சண்டைக்குப் போகவில்லை. இரவில் கண்ணை மூடினாலும் அவர்கள் அந்த மதிலில் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு பருவமும் தொடங்கு முன் மர்சூக் மதிலுக்கு வெள்ளை அடிப்பார். பாசி பிடிக்கிறது என்பது அவர் சொல்லும் காரணம். புது வெள்ளையில் நிழல் நன்றாக விழும்.

இரண்டாவது சிக்கல் மார்க்க சம்பந்தமானது. ஒரு வெள்ளிக்கிழமை நம் மௌலவி குத்பாப் பிரசங்கத்தில், சகுனம் பார்ப்பதும் ஒரு மனிதனால் துரதிர்ஷ்டம் வருமென்று எண்ணுவதும் கூடாது என்று தெளிவாகச் சொன்னார். கழக நிர்வாகிகள் முன் வரிசையில் இருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். அடுத்த ஞாயிறு அரூஸ் என்னிடம் வந்து, இனி நான் மதிலைப் பார்த்து நிற்பது நம்பிக்கையின் பேரில் அல்லவென்றும், வெறும் ஒழுங்கின் பேரில் என்றும் அறிவித்தார். நானும் ஒழுங்கின் பேரில் நின்றேன். இரண்டாம் பாதியில் மௌலவியே வந்துவிட்டார். என் அருகில் நின்று மெதுவாக, "இதுலெல்லாம் நம்பிக்க வெக்கப்படாது, தாஸிம் நானா" என்றார். நான் சரி என்றேன். அப்போது நமக்கு ஒரு கோர்னர் உதை கிடைத்தது போலும். "ஆனா இப்ப திரும்பாதீங்க" என்றார்.

மூன்றாவது, கைபேசி. முந்தின வருடம் மகள் ஷிபானா வாங்கித் தந்த புதுப் போனில், என்னையே படமெடுப்பதுபோல் உயர்த்திப் பிடித்தால் என் காதுக்குப் பின்னால் நம் கோல் கம்பம் தெரிகிறது என்று கண்டுபிடித்தேன். தெரிந்த அதே கணத்தில் நம் கோல் கீப்பர் அஜந்தன், கையில் பிடித்த பந்தைக் கீழே போட்டான். அது தானாக உருண்டு உள்ளே போனது. அன்றிலிருந்து ஆட்டத்துக்கு முன் என் போனை அரூஸ் வாங்கி வைத்துக்கொள்கிறார். கண்ணாடியில் பார்ப்பதும் பார்ப்பதே என்று நிர்வாக சபை தீர்மானித்திருக்கிறது.

இப்படியாக, மச்சான், வாழ்நாள் முழுதும் ஒரு கழகத்தை ஆதரித்த நான், அந்தக் கழகம் கோல் அடித்ததை ஒரு தடவையேனும் கண்ணால் கண்டதில்லை. இதைப் பற்றி நான் முறைப்பட்டதில்லை. நிகழ்வுகள் நடந்த இடத்தில் இல்லாமலே அவற்றைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன், பழகிவிட்டேன். ஆனால் இந்த வருடம் காரியம் மோசமாகியது. கடுகண்ணாவை ஹில்டொப் கழகத்தோடு லீக்கின் இறுதி ஆட்டம். தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்குவோம். சமன் செய்தால் தப்புவோம். இரண்டாம் பிரிவுக்காரர்களுக்குச் சொந்த மைதானத்தில் ஆட்டம் கிடையாது. எல்லோரும் குண்டசாலையில் ஒரு பொது மைதானத்துக்குப் போய் ஆட வேண்டும். நம் மைதானத்தில் ஆடு மேயும். மர்சூக்கின் மதில் வெறும் மதிலாகிவிடும். அதை நினைத்துக்கொண்டு கால் கழுவியபோதுதான் அந்த முடிவு வந்தது. போகப்போவது எல்லாம் போகட்டும், ஒரு கோலையாவது நான் பார்க்க வேண்டும்.

றமீலாவுக்கு மட்டும் சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "பாக்கிறதுண்டா பாருங்க, எனக்கிட்ட கேக்க என்னத்துக்கு? என்னப் பாத்ததவிட மர்சூக்ட மதிலப் பாத்ததுதான் கூட" என்றாள். அடுத்த பாதித் தேங்காயை எடுத்துக்கொண்டு, "நீங்க பாத்து தோத்தா அதுக்குப் பொறகு ஒங்களோட இந்த ஊட்டுல ஈக்க ஏலா. ராவெல்லாம் பொலம்புவீங்க" என்றாள். தோற்றால் இந்த ஊரிலேயே இருக்க இயலாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிறு காலை ராஜலிங்கத்தின் வேனில் புறப்பட்டோம். பாடசாலை வேன் ஆகையால் இருக்கைகள் சின்னவை. நிர்வாக சபை முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தது. கட்டுகஸ்தோட்டையில் வெயில். பேராதனையில் வெயில். பிலிமத்தலாவையைத் தாண்டும்போதே எனக்குத் தெரிந்தது, மேலே வெள்ளையாக ஏதோ குந்திக்கொண்டிருக்கிறது என்று. மைதானத்தில் இறங்கியபோது பனி கோட்டுக்கு வெளியே, நம்மைப்போல் பார்க்க வந்ததாகத்தான் நின்றது. அங்கே மர்சூக்கின் மதில் இல்லாதபடியால் அரூஸ் சுற்றிப் பார்த்து, ஒரு கோலுக்குப் பின்னால் ஓர் இடத்தில் என்னை நிறுத்தி, "நானா, நீங்க ரயில் பாதையப் பாத்துக்கொண்டு நில்லுங்க. ரயில் வந்தாலும் திரும்பாதீங்க" என்றார். நான் சரி என்றேன். என் வாழ்நாளில் அரூஸிடம் சொன்ன முதற் பொய் அது.

முதற் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். பிற்பாதி தொடங்கியதும் பனி கோட்டைக் கடந்து உள்ளே வந்தது. முதலில் தூரத்துக் கம்பத்தை எடுத்தது. பிறகு அஜந்தனை. பிறகு நடுவரின் மேல் பாதியை. ரயில் பாதையும் போய்விட்டது. நான் வெள்ளையைப் பார்த்து நின்றேன். முதுகுப் பக்கமும் வெள்ளை என்று சத்தத்தில் தெரிந்தது. பந்தை அடிக்கும் சத்தம் ஓரிடத்தில் கேட்கும். அது விழும் சத்தம் வெகு நேரம் கழித்து, யாரோ வேறு ஆட்டம் ஆடுவதுபோல், இன்னோர் இடத்தில் கேட்கும். நம் பையன்கள் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே ஆடினார்கள். "நஸீப்!" "இந்தா!" "எங்க?" "இங்க!" பிறகு ஒன்றும் கேட்காது. ஒரு ரயில் ஊதியது; அது மேலே போகிறதா கீழே வருகிறதா என்று தெரியவில்லை. எனக்கு என்னவோ, மச்சான், அந்த நேரத்தில் மனது இலேசாகிவிட்டது. எல்லோரும் என்னைப்போல் ஆகிவிட்டார்கள். மைதானத்தில் இருந்த ஒவ்வொருவரும் காதால்தான் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி நிமிடங்களில் நமக்கு ஒரு கோர்னர். ராஜலிங்கம் என் காதருகில் குரலைத் தாழ்த்தினார். "வைக்கிறான் நானா. பின்னால போறான். கைய தூக்குறான்." என் தோளில் ஏதோ ஊர்ந்தது. நீ கை வைத்த இடம். எண்ணிக்கொண்டு திரும்பவில்லை, உடம்பு தானாகத் திரும்பியது.

முதலில் நான் கண்டது நம் ஆட்களை. கோலுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். அரூஸ் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் பொருளாளர், கொடியால் முகத்தை மூடியிருந்தார். அதற்கப்பால் ஒருவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, வேனின் இலக்கத் தகட்டை வாசித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்கிறார் என்ற நம்பிக்கையில் நின்றார்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொருவரையும் எப்போதோ ஒரு நாள் ஒரு செருப்பு காப்பாற்றியிருக்க வேண்டும். ராஜலிங்கம் என் அருகில் இரண்டு கையையும் நெஞ்சோடு கூப்பி, கண்ணை இறுக மூடி, முகம் பூரா நீர்த் திவலையாக, சொல்லிக்கொண்டிருந்தார்: "நஸீப் நெஞ்சுல வாங்குறான் நானா. எறக்குறான். எடது காலு. எடது கால எடுக்குறான்..." நம் பந்துகள் ஏன் அத்தனை தடவை கம்பத்தில் பட்டன என்று எனக்கு அப்போது விளங்கியது.

பிறகு நான் கோலைப் பார்த்தேன். பனி அந்த இடத்தில் மட்டும் ஓர் அறையளவு விலகியிருந்தது. அறைக்குள் ஈரப் புல்லும், ஒரு கம்பமும், நஸீபும் இருந்தார்கள். நஸீப் பந்து எந்தப் பக்கத்தால் வருமென்று தெரியாமல், தலையைக் கையால் மூடிக்கொண்டு, குனிந்து, எனக்கு முகத்தைக் காட்டி நின்றான். மேலிருந்து, வெள்ளைக்குள்ளிருந்து, ஒருவரும் அனுப்பாததுபோல் பந்து இறங்கி வந்து அவன் முதுகில் விழுந்தது. விழுந்து, உருண்டு, கம்பத்துக்கு உட்பக்கமாக, பூனை வீட்டுக்குள் வருவதுபோல் அவசரமில்லாமல் கோட்டைத் தாண்டி, வலைக்கு முன்னாலிருந்த சிறு குழித் தண்ணீரில் நின்றது. தண்ணீர் ஒரு வட்டம் போட்டது. அந்த வட்டம் கரையும்வரை நான் பார்த்தேன். என் காதில், "அடிச்சான் நானா, பனிய கிழிச்சிக்கிட்டு போவுது" என்று ராஜலிங்கம் சொன்னார். நான் மறுபடி ரயில் பாதைப் பக்கம் திரும்பினேன். பிறகுதான் அவர் கண்ணைத் திறந்திருக்க வேண்டும். பிறகுதான் சத்தம் கிளம்பியது.

நான் அழுதேனா என்று கேட்காதே. அன்று கடுகண்ணாவையில் எல்லோருடைய முகமும் நனைந்திருந்தது.

இதற்குப் பின்னர் நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். நடுவர் சத்தத்தைக் கேட்டு விசில் ஊதினார். பந்து உள்ளே போகவில்லை, பக்க வலையின் கிழிசலால் நுழைந்தது என்று ஹில்டொப்காரர்கள் சத்தம் போட்டார்கள். லைன்ஸ்மன் தான் கண்டது வெள்ளை மட்டும் என்றார். ஆட்டத்தைப் பலர் போனில் பிடித்திருக்கிறார்கள். அவற்றிலும் வெள்ளைதான், உள்ளிருந்து குரல்கள் கேட்கின்றன. கடைசியில் நடுவர், கோலை விசாரணைக்கு உட்பட்டது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். விசாரணை வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பின்னர், கண்டியில் லீக் காரியாலயத்தில். கோல் ஏற்கப்பட்டால் முதலாம் பிரிவு, இல்லையென்றால் குண்டசாலை.

வேனில் திரும்பி வரும்போது ராஜலிங்கம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அந்தக் கோலை எல்லோருக்கும் சொன்னார். நெஞ்சில் வாங்கியதை, இறக்கியதை, இடது காலை. பேராதனைப் பாலத்தில் இரண்டாம் தடவை சொன்னபோது பந்து மேல் மூலைக்குப் போயிருந்தது. பின் இருக்கையில் நஸீப் ஆரம்பத்தில் தன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். கட்டுகஸ்தோட்டையில் பார்த்தபோது இடது காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை நான் அரூஸின் கடைக்குப் போய், கதவோரம் கூப்பிட்டு, "நான் அந்தக் கோலைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வந்து சொல்கிறேன்" என்றேன்.

"பாக்கல்ல" என்றார் அரூஸ்.

"பார்த்தேன், அரூஸ்."

"நானா, நீங்க பாத்தீந்தா கோல் விழுந்தீக்காது. கோல் விழுந்தீக்கி. அப்ப நீங்க பாக்கல்ல." அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, அன்போடு என் தோளைத் தட்டினார். "வயசு போகப் போக அப்பிடித்தான். ராஜலிங்கம் சொல்றதக் கேட்டு கேட்டு, பாத்தது மாதிரி ஈக்கும்."

நான் வரலாறு படிப்பித்தவன், மச்சான். அவருடைய வாதத்தில் பிழை பிடிக்க வீடுவரை நடந்தேன், பிடிபடவில்லை. ஹில்டொப்காரர்களும் இதையே சொல்வார்கள். மடவளை தாஸிம் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்பவர் என்பது மாவட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம். அவர் எப்படிக் கண்ணால் கண்ட சாட்சியாவார் என்று கேட்பார்கள். அந்தக் கோலைக் கண்ட ஒரே மனிதன் நான். என் சாட்சியைத்தான் ஒருவரும் ஏற்க முடியாது.

ஆகவே உன்னிடம் வருகிறேன். நீ போட்ட கட்டை நீதான் அவிழ்க்க வேண்டும். அரூஸுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பு. அன்று என்னைத் திருப்பி நிறுத்தியது ஒரு பகிடி, நாம் வென்றது நன்றாக ஆடியதால், தாஸிம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் பந்து போகும் இடத்துக்குத்தான் போகும் என்று உன் வாயால் சொல். நீ சொன்னால் அரூஸ் கேட்பார். கழகத்தில் உன் படம் இன்னும் தொங்குகிறது. அதன்பின் நான் போய், அந்தப் பந்து எந்தக் கம்பத்தின் எந்தப் பக்கத்தால் போய் எந்தக் குழியில் நின்றது என்று சொல்லிவிடுவேன். இதை வட்ஸ்அப்பில் எழுதாத காரணம், என் போனைக் கழகத்தில் பாதிப் பேர் வாங்கிப் பார்க்கிறார்கள். கடிதத்தை ஷிபானாவின் மாப்பிள்ளை கொண்டு வருகிறார். வியாழன் இரவு விமானம். வெள்ளி காலையில் உன் கையில் தருவார். றமீலா தொதல் அனுப்புகிறாள். அதை முதலில் சாப்பிட்டு இதைப் பிறகு வாசிக்க வேண்டாம்.

உன் வீட்டிலும் தொழிலிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. மச்சிக்கு எங்கள் ஸலாம். பிள்ளைகள் எந்தக் கழகத்தை ஆதரித்தாலும் தூரத்திலிருந்து ஆதரிக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் மச்சான்
தாஸிம்

பி.கு. சனிக்கிழமை. மாப்பிள்ளையின் விமானம் ஞாயிறுக்குத் தள்ளிப்போனதால் கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. குரல் பதிவு தேவையில்லை. நேற்று விசாரணை நடந்தது. முதலில் ராஜலிங்கத்தைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து நின்று அந்தக் கோலைச் சொன்னார். நெஞ்சில் வாங்கி, இறக்கி, இடது காலால், பனியைக் கிழித்து, மேல் மூலையில். எதிர்க்க வந்திருந்த ஹில்டொப் செயலாளர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லும்படி கேட்டார். ராஜலிங்கம் சொன்னார். நடுவர், தனக்கும் இப்போது அப்படித்தான் ஞாபகம் வருகிறது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, கோலுக்குப் பின்னால் நின்றவர் நீங்கள்தானே, என்ன கண்டீர்கள் என்று கேட்டார்கள். ராஜலிங்கம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருந்தன. எனக்குத் தெரியாது, நான் ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னேன். கோல் ஏற்கப்பட்டது. நஸீப், இடது கால். நாம் முதலாம் பிரிவில் இருக்கிறோம். இரவு நிர்வாக சபை கூடி, அடுத்த பருவத்திலும் நான் வழமையான இடத்திலேயே நிற்க வேண்டுமென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. இன்று காலை மர்சூக் மதிலுக்கு வெள்ளை அடித்துவிட்டார்.